ஸ்டேட்டிக் ஐபி வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்

இணைய இணைப்போடு கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு விற்றது மாறாத முகவரிதான். ஆனால் வெளியிலிருந்து யாராலும் எட்ட முடியாத முகவரி.

வெளியூரில் இருக்கும்போது வீட்டு சர்வரிலுள்ள கோப்புகளை எடுக்க வயர்கார்ட் விபிஎன் (இணையம் வழியே வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) அமைத்திருந்தேன். அதற்கு இணைப்பு வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். விற்பனைப் பிரிவில் இதை விளக்கிச் சொல்லித்தான் கேட்டேன். "ஸ்டேட்டிக் ஐபி போட்டுட்டா எல்லாம் வேலை செய்யும்" என்றார்கள்.

பணம் கட்டி, வயர்கார்டுக்கான யுடிபி 51820 போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) ரவுட்டரிலிருந்து சர்வருக்கு ஃபார்வர்ட் செய்தும் ஒரு பாக்கெட்கூட (தரவுத் துண்டு) வந்து சேரவில்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். டபிள்யூஏஎன் முகவரி, அதாவது நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த வெளிப்பக்க முகவரி, 100.72 என்று தொடங்கியது. விஷயம் புரிந்துவிட்டது.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகாதவை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சிஜிநாட் முறைக்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தரநிலை ஆவணம் வழியாக ஒதுக்கப்பட்டவை. இந்த முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்; உலக அளவில் அவற்றைப் பங்கிடும் ஐயானா அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. பற்றாக்குறை உண்மை. ஆனால் பங்கிட்ட முகவரியை நிலையாக்கிக் கொடுத்துவிட்டு அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவது ஏமாற்று வேலை. உள்ளே வரும் பாக்கெட் நிறுவனத்தின் நாட் (முகவரியை மாற்றிப் பங்கிடும்) கருவியிலேயே நின்றுவிடும். நம் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

இதையெல்லாம் கஸ்டமர் கேரில் சொன்னேன். "உங்க ரவுட்டர் கான்ஃபிகரேஷன்தான் பிரச்சினை" என்று ஒவ்வொரு முறையும் அதே பதில். புகார் எண்கள் தானாகவே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டன.

இதைவிட மோசமானது, டெக்னீஷியன் சொன்ன யோசனை: ஃபயர்வாலை அணைத்துவிட்டு சர்வரை ரவுட்டரின் டிஎம்இசட் அமைப்பில் போடுங்கள் என்றார். மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள். டிஎம்இசட்டில் ஒரு கருவியைப் போட்டால், வேறெங்கும் ஃபார்வர்ட் செய்யாத எல்லா போர்ட்டும் அதன்மேல் வந்து விழும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும்வரை இணையத்திலிருந்து எதுவும் வராது. வாடிக்கையாளர்களை ஒருவருக்கொருவர் பிரித்து வைக்காத நெட்வொர்க் என்றால் மற்ற சந்தாதாரர்கள் எட்டிவிடலாம். பிறகு ஒருநாள் உண்மையான பொது முகவரி கிடைக்கும். மறந்துபோன அந்த டிஎம்இசட் அப்படியே இருக்கும். இணையம் முழுக்க ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும் தானியங்கி பாட் நிரல்களுக்குக் கதவு திறந்துவிடும். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது: டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி) திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தொழிற்சாலை பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தது.

சோதிப்பது சுலபம். ரவுட்டரில் தெரியும் டபிள்யூஏஎன் முகவரியையும், "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் ஐபிவி4 முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் நடுவில் நாட் இருக்கிறது. டபிள்யூஏஎன் முகவரி 192.168 என்று தொடங்கினால் உடனே நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் மாட்டிய மோடமே ரவுட்டராக வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.

வாங்குமுன் "சிஜிநாட் இல்லாத பொது ஐபிவி4 முகவரியா? உள்வரும் போர்ட்கள் எதையாவது தடுக்கிறீர்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவரிப் பற்றாக்குறை இல்லாத புதிய முறையான ஐபிவி6 தருகிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். உள்வரும் இணைப்பைத் தடுக்காமல் தந்தால், நீங்கள் வெளியில் பயன்படுத்தும் இணைப்பிலும் ஐபிவி6 இருக்கும் பட்சத்தில், இந்தக் கூடுதல் கட்டணமே தேவைப்படாது.

என்னிடம் எழுத்தில் எதுவும் தராததால், ஸ்கிரீன்ஷாட்களோடு மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினேன். வாரக்கணக்கில் இழுத்தடித்த பிறகே உண்மையான பொது முகவரி வந்தது. அதுவரை கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். அவர்கள் கணக்கில் சேவை முதல் நாளிலிருந்தே "ஆக்டிவ்". அந்தப் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.