அப்கிரேடு பாதியில் நின்றால்: பழையதுக்குத் திரும்புவதா, அங்கேயே சரிசெய்வதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த 61 நாளில்தான் ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் மீன் கம்பெனிகளின் இஆர்பிநெக்ஸ்ட் (பில், ஸ்டாக், சம்பளம் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) அப்கிரேடுக்கு நான் தேதி குறிப்பது. ஒரு தடவை கொஞ்சம் அசந்துவிட்டேன். தடை முடிய நான்கு நாள்தான் பாக்கி. 13-ம் பதிப்பிலிருந்து 14-க்குப் போகும்போது, டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும் ‘பென்ச் மைக்ரேட்’ கட்டளை பாதியில் நின்றது. ‘பேரோல்’ என்ற சம்பள மாட்யூலைக் காணவில்லை என்றது திரை.

காரணம் புரியச் சிறிது நேரம் ஆனது. 14-ல் சம்பளம், எச்.ஆர். பகுதிகளைத் தனி ஆப்பாகப் பிரித்துவிட்டார்கள். இறால் உரிக்கும் பெண்களின் கூலிக் கணக்குக்கு நான் எழுதிய ஆப், பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான்.

"பழையபடியே ஆக்கிக் குடுத்துருங்க தம்பி" என்றார் கணக்குப்பிள்ளை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பேக்கப்பை ஏற்றினால் மட்டும் போதாது. டேட்டாபேஸ் பழையது, புரோகிராம் கோடு புதியது என்றால் மறுபடி மைக்ரேட் செய்யத்தான் சொல்லும். எல்லா ஆப்பையும் 13-க்கு இறக்க வேண்டும். ஃபைல்களைச் சேர்த்து பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தால், பிறகு சர்வர் கெட்டு வேறு இடத்தில் ஏற்றும்போது பில் படங்கள் இருக்காது. வேறு சர்வரில் ஏற்றினால் பழைய சைட் கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில் உள்ள என்கிரிப்ஷன் கீயையும் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் சேமித்த மெயில் பாஸ்வேர்டுகள் திறக்காது. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: நான் பேக்கப் எடுத்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, மைக்ரேட் தொடங்கியது ஒன்பதுக்கு. யாரும் உள்ளே நுழையாமல் தடுக்கும் மெயின்டனன்ஸ் மோடு போட மறந்த அந்த மூன்று மணி நேரத்தில் நாட்டுப்படகுக் கணவாய்க்கு 14 பில் ஏறியிருந்தது. சிட்டை கையில் இருந்ததால் திரும்ப அடிக்கலாம்தான், ஆனால் யார் அடிப்பது?

அங்கேயே சரிசெய்வதற்கு ஒரு பெரிய வசதி உண்டு. மைக்ரேட் என்பது பேட்ச் எனும் சின்னச் சின்ன மாற்றங்களை வரிசையாக ஓட்டுவதுதான். முடிந்த பேட்ச் ஒவ்வொன்றும் ‘பேட்ச் லாகில்’ பதிவாகும். மறுபடி ஓட்டினால் நின்ற இடத்திலிருந்து தொடரும். சிக்கல் எங்கே என்றால், இதன் டேட்டாபேஸான மரியாடிபியில் டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை அந்தக் கணமே நிலைத்துவிடும், ரோல்பேக் செய்து பின்வாங்க முடியாது. அதனால் பேட்ச் பாதியில் செத்தால், டேபிள் மாறியிருக்கும், உள்ளே டேட்டா மாறியிருக்காது. அப்புறம் ‘ஸ்கிப் ஃபெயிலிங்’ என்று ஒரு சுவிட்ச். தோற்ற பேட்சைத் தாண்டிக்கொண்டு கடைசிவரை ஓடிவிடும். முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போவோம். ஒரு மாதம் கழித்து ஸ்டாக் கணக்கு இடிக்கும். லைவ் சர்வரில் அதைத் தொடவே மாட்டேன்.

நகலில் முதலில் ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். சரிதான், பார்த்திருக்க வேண்டும்.

எர்ரர் ஒரு கோடு வரியையோ ஒரு ரெக்கார்டையோ தெளிவாகக் காட்டினால் நான் முன்னேதான் போவேன். நடுவில் கரண்ட் போனது, டிஸ்க் நிரம்பியது, 12-லிருந்து நேரே 14-க்குத் தாவியது போன்றவற்றில், எது மாறியது எது மாறவில்லை என்றே சொல்ல முடியாது. அப்போது பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் ரீஸ்டோர்தான், தயங்கவே கூடாது.

அன்றைக்கு இருந்தது முதல் வகை. அரைகுறையாக நின்ற நிலையையும் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு, சம்பளத்துக்கான அந்தத் தனி ஆப்பை நிறுவி, என் கோடில் இரண்டு வரியைப் புதிய இடத்துக்குத் திருப்பி மறுபடி ஓட்டினேன். 14 பில்லும் அப்படியே இருந்தன. கணக்குப்பிள்ளை மட்டும் நம்பாமல், சிட்டையை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.