அக்கா மகளின் இமையும் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும்

இந்த முறை ஊரில் இருந்தது 18 நாள். விமானம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், குலதெய்வக் கோயில் பொங்கல் எல்லாம் நல்லபடியாக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மதுரையில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கில் உட்கார்ந்திருந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சிட்னிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபம் இன்னும் அடங்கவில்லை.

அக்கா மகளுக்கு 22 வயது. பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். மாசி மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், "பெண்ணுக்கு இடது கண் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதே" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நான் போய் இறங்குவதற்குள் அக்கா கிளினிக்கில் நேரம் வாங்கி வைத்திருந்தாள். "நீயும் வா தம்பி, நீ கூட இருந்தால் நாலு கேள்வி கேட்பாய்" என்றாள்.

அங்கே டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, எங்கள் பிள்ளையின் இமைமேல் வைத்து மேலே தள்ளி, கையில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கொடுத்தார். "பார்த்தாயா, ஆபரேஷன் முடிந்தால் இப்படி இருக்கும்." அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பியை எடுத்ததும் இமை பழையபடி இறங்கியது. அவள் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தன் முகத்தில் ஒரு குறை இருக்கிறது என்று அதுவரை அரைகுறையாக நம்பியவள், அந்த நிமிடத்தில் முழுதாக நம்பிவிட்டாள்.

பிறகு விலைப்பட்டியல் வந்தது. மேல் இமைக்கு மட்டும் 60,000 ரூபாய். கீழ் இமையும் சேர்த்தால் 95,000. கருவளையத்துக்குத் தனி. இன்றைக்கே 5,000 அட்வான்ஸ் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் எப்போது பார்ப்பார் என்று கேட்டேன். ஆபரேஷன் அன்று காலையில் பார்ப்பார் என்றார்கள். எப்போதிருந்து இப்படி இருக்கிறது, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இருக்கிறதா, தைராய்டு உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. கண்ணில் டார்ச் கூட அடிக்கவில்லை. கல்யாணத் தேதியை மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று நான் எழுந்திருப்பதற்குள் அக்கா பர்ஸைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் இப்படிப் பணம் வாங்கவே முடியாது. அழகுக்கான அறுவை சிகிச்சை என்றால் முதலில் குடும்ப டாக்டரிடமிருந்து கடிதம் வேண்டும். பிறகு ஆபரேஷனுக்கு முன் குறைந்தது இரண்டு தடவை ஆலோசனை, சம்மதம் தெரிவித்த பிறகும் பெரியவர்களுக்கு ஏழு நாள் இடைவெளி. அந்த ஏழு நாள் கழியும்வரை தேதியும் குறிக்கக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. தன் உருவத்தில் இல்லாத குறையைக் கண்டு மனம் நொந்துபோகும் நோய் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அங்கே எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கும் பலர் முகமும் உடம்பும் கெட்டுப்போய், அது பெரிய செய்தியான பிறகுதான் இந்த விதிகள் வந்தன. நம் ஊரில் அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்த வட்டக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமோ என்றுதான் நெஞ்சு எரிகிறது.

அதுவும் மதுரையில்! டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. எங்கள் பாட்டியைக் கண் முகாமில் இருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், கண்புரையை எடுத்து, பச்சைத் துணி கட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. பாட்டி கட்டைப் பிரித்ததும் என் சட்டைப் பொத்தானை எண்ணிக் காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கினோம். கூட்டம், சொட்டு மருந்து, பெயர் கூப்பிடும் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான்கு மணி நேரம் காத்திருந்தோம். சிட்னியில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை. பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், 19 வயது மகனோடு இருந்தார். பையனுக்குப் பிறந்ததிலிருந்தே வலது இமை பாதிக்கண்ணை மூடியிருக்கிறது. மோவாயைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கித்தான் யாரையும் பார்க்கிறான். இமையை நெற்றித் தசையோடு இணைத்துத் தூக்கிக் கட்டும் ஆபரேஷனுக்கு அவனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "சின்ன வயதிலேயே செய்திருக்கலாம் என்கிறார்கள் தம்பி, எங்களுக்குத் தெரியவில்லையே" என்றார் அந்த அம்மா.

இமை நோய்களுக்கென்றே படித்த டாக்டரம்மா எங்கள் பிள்ளையை உட்காரவைத்து, புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று சாதாரண பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்தார். பள்ளிக்கூடத்து போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அக்காவின் போனில் பத்தாம் வகுப்புப் படம் இருந்தது. அதில் இரண்டு கண்ணும் சமம். அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கண்ணு, இமைக்காமல் மேலே மின்விசிறியைப் பார்" என்றார் டாக்டரம்மா. ஒரு நிமிடம் தாண்டியதும் இடது இமை கடை ஷட்டர் மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. நாங்கள் மூவரும் பார்த்தோம். சாயங்காலம் எதுவும் இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டார். "பஸ் நம்பர் இரண்டாகத் தெரியும் டாக்டர். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிறேனே, அதனால் என்று நினைத்தேன்." வீட்டில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து ஒரு ரப்பர் கையுறைக்குள் நான்கு ஐஸ் கட்டிகளைப் போட்டு, துணி சுற்றி, மூடிய இமைமேல் வைத்தார்கள். இரண்டு நிமிடம். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் கண்மணியின் நடுவிலிருந்து இமை விளிம்புவரை மறுபடியும் அளந்தார்கள். முன்பு 1 மில்லிமீட்டர், இப்போது 4. இரண்டு கண்ணும் அந்தப் பத்தாம் வகுப்புப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தன. சில நிமிடத்தில் இமை மறுபடியும் தளர்ந்துவிட்டது.

மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம் என்றார். நரம்பு சொல்லும் சேதி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். 40 வயதுக்குள் வந்தால் பெண்களுக்கே அதிகம் வருகிறது. குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் சேதி நன்றாகப் போகிறது, அதனால் இமை எழும்புகிறது. இதற்கு மருந்துதான் முதலில், கத்தி இல்லை. சில ஆன்டிபயாடிக்குகளும் தசையைத் தளர்த்தும் மருந்துகளும் இந்த நோயை மோசமாக்கும், மூச்சுத் தசை வரை போகலாம் என்று அவர் சொன்னபோது, ஆபரேஷன் அன்று காலையில்தான் பார்ப்பேன் என்ற அந்த முகம் தெரியாத டாக்டரை நினைத்து எனக்கு உடம்பு நடுங்கியது.

"அப்படியானால் இந்த வயதில் இமை ஆபரேஷனே கூடாதா?" என்று கேட்டேன். பின்னால் வரிசை இருந்தும் அவர் பொறுமையாகச் சொன்னார். பிறவியிலேயே தொங்கும் இமைக்கு வயது பார்க்கக் கூடாது. கண்மணியை மறைத்தால் குழந்தையிலேயே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். தோல் தளர்ந்து மடிவது பெரும்பாலும் 40க்கு மேல். 22இல் வெட்டி எடுக்க அங்கே உபரித் தோல் இருக்காது. அதிகம் வெட்டினால் கண் மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். குடும்ப வழியில் கீழ் இமையில் கொழுப்புப் பை இருப்பவர்களுக்கு இளமையிலும் செய்வதுண்டு, உட்புறமாகவே எடுக்கலாம். கருவளையம் பெரும்பாலும் நம் தோலின் நிறமி, அதைக் கத்தியால் எடுக்க முடியாது.

சிட்னியில் என்னோடு வேலை பார்க்கும் கொரியப் பெண்மணியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இமை மடிப்பு வைத்துக்கொண்டாள். சியோலில் நவம்பர் நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு மாணவர்கள் கிளினிக்குகளுக்குப் போவது வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். இதுவும் அதே மாதிரிதானே என்றுதான் நானும் முதலில் அக்காவைத் தடுக்காமல் இருந்தேன். அது ஆரோக்கியமான இமையில் இல்லாத மடிப்பைப் போடுவது. இங்கே இமையே ஒரு நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதை அழகுக்குறை என்று எடுத்துக்கொண்டோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நான் திரும்பி வந்த பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நரம்பின் சேதியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. நோய் கண்ணோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ரத்தத்தில் தெரியுமாம். இந்த நோயோடு தொடர்புள்ளது என்பதால் நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியையும் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி எதுவும் இல்லை. மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

கிளினிக்குக்கு நான்கு தடவை போன் செய்தேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறதாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். 5,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று அத்தான் கேட்கிறார். அலையத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னபடி அக்கா மகள் தினமும் காலை எட்டுக்கும் மாலை ஏழுக்கும் தன் முகத்தைப் படம் எடுத்து வைக்கிறாள், எனக்கும் அனுப்புகிறாள். நேற்று மாலைப் படத்தில் இமை நன்றாக நிற்கிறது. பஸ் நம்பர் மட்டும் சில நாள் இன்னும் இரண்டாகத் தெரிகிறதாம். செவ்வாய்க்கிழமை நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகிறாள்.