மில்வாக்கி வேவ் சீசன் டிக்கெட்: மூலை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்

குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு மகள் வீடு தேடி வரும் பெற்றோருக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு தவிப்பு தொடங்கும். வெளியே நடக்க முடியாது. மில்வாக்கியில் மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று காதை அறுத்துவிடும். நான் 2023 நவம்பரில் வந்து இறங்கியதும் மகள் என் தவிப்பை முன்கூட்டியே கணக்கிட்டு இரண்டு சீசன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். எனக்கு ஒன்று, பத்து வயதுப் பேத்திக்கு ஒன்று. மில்வாக்கி வேவ் என்ற உள்ளரங்கக் கால்பந்து அணிக்கு லீக்கில் 24 ஆட்டங்கள். அதில் சொந்த அரங்கில் நடக்கும் பாதி ஆட்டங்களுக்கான டிக்கெட்.

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். கால்பந்து என்றால் வெயிலும் புழுதியும் பதினொரு பேரும்தான் என்று நம்பியவன். கூரைக்குள் ஆறு பேர் ஆடுவதைப் பயிற்சி ஆட்டத்துக்கு மேலாக நான் மதித்ததில்லை. ஒரு பருவம் முழுவதும் பார்த்த பிறகு சொல்கிறேன்: இது தனி விளையாட்டு. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கே உட்காருகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆட்டம் நடப்பது நகரின் நடுவே கில்போர்ன் அவென்யூவில் உள்ள பாந்தர் அரங்கில். 1950இல் திறந்த கட்டடம். கரீம் அப்துல் ஜப்பார் ஆடிய மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி 1971இல் பட்டம் வென்றபோது இதுதான் அவர்களுடைய வீடு. இன்று பக்ஸ் அருகிலேயே பெரிய புது அரங்குக்குப் போய்விட்டது. அங்கே ஒரு நல்ல இருக்கைக்குக் கேட்கும் விலையில் சிறு பங்குக்கு இங்கே முதல் வரிசையில் உட்காரலாம். இதே அரங்கில் ஐஸ் ஹாக்கி அணியும் ஆடுவதால், பனித்தளத்தை மூடி அதன் மேல் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் அந்தக் குளிர் காலுறையைத் தாண்டி ஏறும். கனமான காலுறையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களை மேலே, நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்து பார்த்தோம். ஆசிரியர் புத்தி, ஆடுகளம் முழுவதும் கண்ணில் பட வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிய இடம். 200 அடி நீளம், 85 அடி அகலம். வெளி மைதானத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது. மேலிருந்து பார்க்க, டப்பாவுக்குள் குலுக்கிய கோலிகுண்டுகளைப் போல வீரர்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். எதுவும் பிடிபடவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் கவுன்டரில் கேட்டதும் கோல் பின்னால், மூலையில், கண்ணாடித் தடுப்பை ஒட்டிய வரிசைக்கு மாற்றித் தந்தார்கள். அங்கிருந்துதான் சுவர் தெரிந்தது.

ஆடுகளத்தைச் சுற்றிலும் பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. பந்து சுவரில் பட்டால் ஆட்டம் நிற்பதில்லை. அன்று முதல் கால் பகுதியிலேயே ஒரு வீரர் எங்கள் பக்கமாகப் பந்தைக் கொண்டு வந்தார். எதிரே கோல். அது 14 அடி அகலம்தான், வெளி மைதானத்தில் 24 அடி. கோல்கீப்பர் அதை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு நின்றார். வந்தவர் கோல் கம்பத்துக்கு ஒரு கஜம் தள்ளிப் பலகையில் ஓங்கி அடித்தார். எங்கள் முழங்காலுக்கு முன்னால் பலகை அதிர்ந்தது. "தாத்தா, கோலுக்கு அடிக்காமல் ஏன் சுவரில் அடிக்கிறார்?" என்று பேத்தி கேட்டு முடிப்பதற்குள் பந்து திரும்பிக் கோலுக்கு முன்னால் போய்விட்டது. மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தவர் காலின் உட்பக்கத்தால் தொட்டார். கோல். கேரம் ஆடும்போது நம் பக்கத்துக் காயை எடுக்க எதிர்ச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை அடித்துத் திருப்புவோமே, அதே கணக்கு. அவளிடம் அப்படித்தான் சொன்னேன். வீட்டில் கேரம் பலகை இருந்ததால் உடனே புரிந்துகொண்டாள்.

அதன் பிறகு எனக்குப் பந்தைவிடச் சுவர்தான் முக்கியமாகிவிட்டது. யார் எந்தக் கோணத்தில் அடிக்கிறார், தடுப்பவர் மனிதனைக் காக்கிறாரா பலகையைக் காக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன். நல்ல தடுப்பாட்டக்காரர் பந்து போகும் இடத்தைப் பார்ப்பதில்லை, திரும்பி வரும் இடத்தில் முன்பே போய் நிற்கிறார். இதை மேலிருந்து பார்க்க முடியாது. திரையிலும் பார்க்க முடியாது; வெளியூர் ஆட்டங்களை வீட்டில் பார்த்தோம், பாதிச் சுவை போய்விடுகிறது.

விதிகள் எளிது. 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். ஆஃப்சைடு கிடையாது. தன் பகுதியிலிருந்து ஆடுகளத்தின் குறுக்கே உள்ள மூன்று கோடுகளையும் தாண்டி, யார் மேலும் சுவரிலும் படாமல் வான்வழியாகப் பந்தை அனுப்பினால் தவறு. அதனால் தூக்கி அடித்துவிட்டு ஓடும் சோம்பேறி ஆட்டத்துக்கு இங்கே வழியில்லை. நீல அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே. எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல், பவர் பிளே. கபடியில் நம் அணி புள்ளி எடுத்தால் வெளியே போனவர் உள்ளே வருவார். இங்கே தலைகீழ்: எதிரணி கோல் போட்டுவிட்டால், நேரம் முடியும் முன்பே அவர் வந்துவிடலாம். எந்த நேரத்தில் ஒருவர் தெரிந்தே அட்டை வாங்கத் துணிகிறார் என்பதைக் கவனிப்பதே தனிப் பாடம்.

ஆள் மாற்றம் ஆட்டம் நிற்காமலேயே நடக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டுப் பலகையைத் தாண்டிக் குதித்து பெஞ்சில் விழுகிறார்கள், இன்னொருவர் குதித்து உள்ளே போகிறார். எங்கள் இடத்திலிருந்து பெஞ்ச் சாய்வாகத் தெரியும். ஒருவர் முழங்கை புல்விரிப்பில் உராய்ந்து சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தடவி எடுத்தார், மூடியைப் பல்லால் திறந்தார், குடித்தார். அந்த நேரம் முழுவதும் அவர் கண் பந்தைவிட்டு விலகவில்லை. வெளியே உட்கார்ந்தாலும் கண் பந்தில் இருக்கட்டும் என்று எத்தனை பிள்ளைகளிடம் கத்தியிருப்பேன்! எழுந்து கைதட்டினேன்.

பக்கத்து இருக்கையில் எழுபதைக் கடந்த ஒரு அம்மையார். கோல் எல்லாவற்றுக்கும் அந்தப் பருவத்தில் ஒரு புள்ளிதான். ஒரு காலத்தில் தூரத்திலிருந்து அடித்தால் மூன்று புள்ளி தந்தார்கள் என்று அவர்தான் சொன்னார். வேவ் 1984இல் தொடங்கியது. அமெரிக்காவில் இடைவெளியில்லாமல் நீண்ட காலம் ஆடிவரும் தொழில்முறைக் கால்பந்து அணி இதுதான். 2024 வரை ஏழு பட்டங்கள், கடைசியாக 2019இல். இந்த விளையாட்டின் லீக்குகள் பிறப்பதும் கலைவதும் வழக்கம். 1978இல் தொடங்கிய முதல் பெரிய லீக்கில், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஸ்டீவ் சுங்குல் நியூயார்க் ஆரோஸ் அணிக்கு முதல் நான்கு பட்டங்களையும் வாங்கித் தந்தார். 1992இல் அந்த லீக்கே மூடப்பட்டது. வேவ் இப்போது ஆடும் எம்ஏஎஸ்எல் (மேஜர் அரீனா சாக்கர் லீக்) 2014இல் உருவானது. லீக்குகள் மாறியும் அந்த அம்மையார் இருக்கை மாறவில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஜனவரியில் ஓர் ஆட்டம் மறக்காது. ஒரு கோல் பின்தங்கியிருந்த வேவ், கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, வேறு நிறச் சட்டை போட்ட ஒரு வீரரை ஆறாவது தாக்குதல்காரராக இறக்கியது. பின்னால் கோல் காலி. பந்து கை மாறிவிட்டால் கதை முடிந்தது. ஆறு பேரும் எங்கள் மூலைக்கு முன்னால் பந்தை மாற்றி மாற்றித் தட்டினார்கள், அவசரமே இல்லாமல். அரங்கம் எழுந்து நின்றது. பேத்தி என் விரலை இறுக்கிக்கொண்டாள். "சுவர், சுவர்" என்று நானும் அவளும் தமிழில் கத்தினோம். பலகையில் பட்டுத் திரும்பிய பந்துதான் சமன் செய்தது.

குறை ஒன்று உண்டு, அது அணியின் மேல் இல்லை. ஒரு நாள் மருமகனும் வரட்டும் என்று ஏதோ இணையத்தளத்தில் தனி டிக்கெட் எடுத்தோம். கட்டணங்கள் என்று சேர்த்து ஏறக்குறைய இரு மடங்காக்கிவிட்டார்கள். அரங்கக் கவுன்டரிலேயே வாங்குங்கள்.

லீக் பட்டத்துக்கான ரான் நியூமன் கோப்பை அந்தப் பருவத்தில் மெக்சிகோவின் சிவாவா சாவேஜ் அணிக்குப் போனது. எனக்கு வருத்தம்தான். பேத்தி இப்போது கார் ஷெட் சுவரில் பந்தை அடித்துத் திருப்பிப் பழகுகிறாள். இடது காலால் கோணம் இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த பருவத்துக்கு அதே மூலையில் அதே இரண்டு இருக்கைகளைக் கேட்டிருக்கிறோம். மருமகனுக்கு மூன்றாவதாக ஒன்று, அவளுக்கு இடப்பக்கம்.