துளசியா, திருநீற்றுப் பச்சிலையா, பெருந்துளசியா: சென்னை மாடிக்கு எது?

மூன்றும் ஆசிமம் என்ற ஒரே பேரினம். 1753-ல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். நாற்பட்டைத் தண்டு, கணுவுக்கு எதிரெதிராக இரண்டு இலை, அடுத்த கணுவில் அதற்குக் குறுக்காக இரண்டு, கதிரில் வட்டத்துக்குப் பெரும்பாலும் ஆறு பூ, பூ உதிர்ந்த பின் புல்லிக் கிண்ணத்துக்குள் நான்கு விதை. இவை மூன்றிலும் ஒன்றுபோல இருப்பதால், எது எதென்று பிரிக்க இவை உதவாது.

முதலில், செடி இந்தப் பேரினம்தானா என்று அறிய ஒரு பூவை நகத்தில் வைத்துப் பாருங்கள். தும்பைப் பூவில் மகரந்தத் தாள்கள் மேலுதட்டுக்கு அடியில் ஒடுங்கியிருக்கும். இந்த மூன்றிலுமோ நான்கு தாள்களும் கீழுதட்டின் மேல் சாய்ந்து நீண்டிருக்கும். வந்து உட்காரும் தேனீயின் வயிற்றில் தூள் ஒட்டும். புல்லியின் ஐந்து பற்களில் மேல்பல் மட்டும் வட்டத் தட்டுபோல அகலமாக இருக்கும். இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலும் துளசிப் பேரினம் எனலாம். கற்பூரவல்லி இதே குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம்.

இனி வேறுபாடு. வீட்டு மாடத்தில் வைக்கும் துளசியின் தண்டில் மெல்லிய மயிர் கண்ணுக்கே தெரியும். இலை சிறியது, விளிம்பு பல்பல்லாக இருக்கும், பூங்காம்பு ஊசிபோல மெலிந்து நீண்டிருக்கும். திருநீற்றுப் பச்சிலையின் இலை வழவழப்பு, விளிம்பில் பல் குறைவு, பூங்காம்பு குட்டை, பூ துளசிப் பூவைவிடப் பெரியது. எலுமிச்சந் துளசி என்றும் சொல்லும் பெருந்துளசி புதராக ஆறடிக்கும் மேல் போகும். அகலமான பெரிய இலை, அடித்தண்டு கட்டை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கருந்துளசியும் வெண்துளசியும் ஒரே சிற்றினம். கருந்துளசியை நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும், வெயிலுக்கு நகர்த்தினால் புதுத் தளிர் மறுபடி ஊதாவாகும். 'கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்' என்ற புகார் பலவும் இதனால்தான்.

சந்தேகம் தீர்க்கும் எளிய வழி விதை. பத்து விதையை ஒரு கரண்டித் தண்ணீரில் போடுங்கள். திருநீற்றுப் பச்சிலை விதை பதினைந்து நிமிடத்துக்குள் சாம்பல் வெள்ளையாக வழுவழுப்பு கட்டிக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சப்ஜா இதுதான். துளசி விதையில் வழுவழுப்பு மிகக் குறைவு. இதே பேரினத்தைச் சேர்ந்த நாய்த்துளசியின் விதையும் வழுவழுக்கும், ஆகவே இலையையும் சேர்த்தே பாருங்கள்.

வாசனைக்குக் காரணம் இலையில் புள்ளி புள்ளியாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். துளசியில் கிராம்பிலும் உள்ள யூஜெனால் தூக்கல். பச்சிலையில் லினலூல், சோம்பு வாசம் தரும் மெத்தில் சாவிகால். பெருந்துளசி செடிக்குச் செடி மாறும்: சிலது கிராம்பு, சிலது ஓமம். கசக்கி முகராமல் வாங்க வேண்டாம்.

சென்னை மாடிக்கு என்றால் முதல் இடம் துளசிக்குத்தான். அடித்தண்டு முற்றி ஓரிரு ஆண்டு நிற்கும். தொட்டி காயாமல் பார்த்துக்கொண்டால் கத்திரி வெயிலையும் தாங்கும். 12 அங்குலத் தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணம் போதும். தேங்காய் நார்க்கழிவை அள்ளிப் போடுவதுதான் வழக்கமான தவறு: ஐப்பசி மழையில் அது தண்ணீரைப் பிடித்துவைத்து, தண்டின் அடி கறுத்து, செடி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். இலை நுனி பழுப்பாகித் தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் போர் தண்ணீரின் உப்பு. மழைநீரை அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றி அலசுங்கள். கதிர் வர வரக் கிள்ளுங்கள். விதைக்கு விட்டால் புதுத் தளிர் குறையும்.

பச்சிலை ஓராண்டுச் செடி என்பதை ஏற்றுக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. சமையலுக்கும் சர்பத் விதைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் மூன்றில் சீக்கிரம் வாடுவதும் இதுதான். மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். இலையில்லாத கட்டைத் தண்டுவரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. இரண்டு ஜோடி இலையாவது விடுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை வரும்.

பெருந்துளசி தரைக்கு ஏற்றது. தொட்டியில் என்றால் 18 அங்குலத்துக்குக் குறையாமல். காற்றில் கிளை முறியும் என்பதால் ஐப்பசிக்கு முன் பாதியாக வெட்டலாம்.

மூன்றிலும் மாவுப்பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தணிந்ததும், இருட்டுவதற்குள் இலை காயும்படி, இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். தெளித்த இலையை ஒரு வாரம் சமையலுக்கும் பூஜைக்கும் பறிக்காதீர்கள்.

பச்சிலைக்கு நாற்று வாங்கவே வேண்டாம். மழை ஓய்ந்த தை மாதத்தில் புதிய சப்ஜாவை ஈரமண்ணின் மேல் தூவி, மேலே மண் மூடாமல் லேசாக அழுத்திவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்; நாலு இலை வந்ததும் தொட்டிக்கு ஒன்றாகக் கலைத்து நடலாம்.