ரோபோ கூட்டாளியோடு பிரிட்ஜ்: நாமே முடிப்பதா, அதனிடம் விடுவதா?

தை பிறந்தால் கும்பகோணம் பக்கம் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு நாலு பேர் சேர்வது கஷ்டம். நிலம் வைத்திருப்பவர்கள் சம்பா அறுவடையில் இருப்பார்கள், மனமகிழ் மன்றத்து மேசை காலியாகக் கிடக்கும். அப்போது பலரும் போவது பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்துக்கு. அங்கே எதிரே உட்காரும் கூட்டாளி ஜிப் என்ற ரோபோ. மேத்யூ கின்ஸ்பர்க் உருவாக்கிய இந்த நிரல் 1998, 1999 இரண்டு ஆண்டும் கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் பட்டத்தை வென்றது. சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் மனிதக் கூட்டாளியிடம் கேட்பதைப் போலவே அதனிடமும் ஏலம் கேட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நாம் ஒரு ஸ்பேடு கேட்கிறோம், கூட்டாளி இரண்டு ஸ்பேடு என்று ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். (ஒரு ஸ்பேடு என்றால் ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஏழு பிடி எடுப்போம் என்பது; ஒவ்வொரு படிக்கும் ஒரு பிடி கூடும்.) நம் கையில் 16, 17 புள்ளி (ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1). கை நன்றாக இருந்தால் ஏற்றச் சொல்லி மூன்று ஸ்பேடு என்று அழைப்பு விடுவதா, போனஸ் தரும் நான்குக்கு நேராகப் போவதா?

மாயவரத்து நண்பர் எதிரே இருந்தால் நான் மூன்றுதான் கேட்பேன். அவர் தன் ராஜாவும் ராணியும் நமக்கு உதவும் இடத்தில் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு இனத்தில் ஒற்றைச் சீட்டு உண்டா என்றெல்லாம் யோசித்துப் பதில் சொல்வார். தப்பிப்போனால், "என்ன சார், மூணுன்னா கொஞ்சம் தூக்குங்கன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டு அடுத்த முறைக்குச் சரிசெய்துகொள்ளலாம். ரோபோவிடம் இந்தப் பேச்சுக்கு வழியில்லை. இதற்கு முன் நாம் ஆடிய ஆட்டங்கள் எதுவும் அதன் முடிவில் இல்லை. இரண்டு ஸ்பேடு என்று ஏற்றியதற்கான புள்ளி வரம்பில் தன் கை மேல்பக்கமா கீழ்பக்கமா என்று பார்த்து முடிவெடுக்கும், அவ்வளவுதான்.

ஐஎம்பி கணக்கில் (இரண்டு மேசைகளின் புள்ளி வித்தியாசத்தைச் சிறு எண்ணாக மாற்றும் முறை) நான்குக்கே போய்விடுவது நல்லது என்பது என் கருத்து. நாம் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என்றால் நான்கு ஸ்பேடு எடுத்தால் 620. பக்கத்து மேசை இரண்டில் நின்று அதே பத்துப் பிடியை எடுத்தால் 170. வித்தியாசம் 450, நமக்கு 10 ஐஎம்பி. ஒரு பிடி குறைந்தால் நமக்கு மைனஸ் 100, அவர்களுக்கு 140. இழப்பு 6 ஐஎம்பி. அதாவது நூற்றுக்கு 38 தடவை நான்கு ஜெயித்தாலே போதும், கட்டுபடியாகும். வல்னரபிள் இல்லையென்றால் லாபம் 6, நஷ்டம் 5, எனவே 45 பக்கம் தேவை. அழைப்பு விட்டு, ரோபோ மறுத்து, மூன்றிலேயே ஒரு பிடி தோற்பதுதான் எல்லாவற்றையும் விட மோசம். மேட்ச்பாயிண்டில் (எவ்வளவு வித்தியாசம் என்று பாராமல், மற்ற மேசைகளை விட அதிகமா குறைவா என்று மட்டும் பார்க்கும் முறை) விஷயம் வேறு. அங்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு இல்லையென்றால் இரண்டிலேயே நிற்கலாம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் நாமேதான் முடிக்க வேண்டுமா? இல்லை. இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேடில் ராஜா, ராணி, 8, 6, 5, ஹார்ட்ஸில் ஏஸ், 7, டைமண்டில் ராஜா, ஜாக், 4, கிளாவரில் ராஜா, 10, 3. மொத்தம் 16 புள்ளி. ஒரு ஸ்பேடா, ஒரு நோ டிரம்ப்பா (துருப்பே இல்லாமல் ஆடுவது)?

ஜிப் ஆடுவது டூ ஓவர் ஒன் என்ற ஏல முறை. ஒரு ஸ்பேடு கேட்டால் அது அடிக்கடி ஒரு நோ டிரம்ப் என்று பதில் சொல்லும். அடுத்து நமக்கு நல்ல வழியில்லை. இரண்டு நோ டிரம்ப் கேட்டால் 18, 19 புள்ளி என்று நம்பிவிடும். இல்லையென்றால் மூன்றே சீட்டுள்ள கிளாவரையோ டைமண்டையோ சொல்ல வேண்டும். ஒரு நோ டிரம்ப்பில் தொடங்கினால் 15 முதல் 17 வரை, சமமான கை என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதன்பின் ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர் என்று பொருத்தம் தேடும் ஏலங்கள் எல்லாம் ரோபோவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சில சமயம் நம் ஐந்துக்குக் கூட்டாளியின் மூன்று என்ற ஸ்பேடுப் பொருத்தம் தவறும். மேட்ச்பாயிண்டில் அது உறுத்தும், ஏனென்றால் நான்கு ஸ்பேடின் 420க்கும் மூன்று நோ டிரம்ப்பின் 400க்கும் உள்ள இடைவெளியே அங்கே பெரிது. ஐஎம்பியில் அது வெறும் 1. நான் நோ டிரம்ப் பக்கம்தான்.

இரண்டு முடிவும் முரணாகத் தெரியலாம், காரணம் ஒன்றே. சந்தேகமான இடங்களில் ரோபோ இதுவரை நடந்த ஏலத்துக்குப் பொருந்தும் கைகளைத் தானே கற்பனை செய்து, ஒவ்வொன்றிலும் எது பலிக்கும் என்று கணக்கிடும். நம் கையை இறுக்கமாகச் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு நன்றாக வரும். மங்கலாகச் சொன்னால் தவறான கைகளை வைத்துக் கணக்குப் போடும். ஏலத்தில் பொய்க் கேள்வி கேட்பதும் இதனால்தான் ஆபத்து. இல்லாத ஹார்ட்ஸைச் சொன்னால் மனிதர் சந்தேகப்படக்கூடும், ரோபோ அப்படியே நம்பி ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதிமூன்று பிடி) வரை ஏற்றிவிடும். துருப்பைக் கவிழ்த்து வைத்தே ஆடும் முன்னூற்றி நாலு சீட்டாட்டத்தில் பழகியவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கேள்வியும் கையைத் திறந்து காட்டுவது.

நான்கு நோ டிரம்ப், டபுள் (எதிரணியின் ஏலத்தை இரட்டிப்பாக்குவது) இரண்டிலும் குழப்பம் வரும். ஒரு நோ டிரம்ப்புக்கு மேல் வரும் நான்கு நோ டிரம்ப், எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்பதல்ல, ஸ்லாமுக்கான அழைப்பு. டபுள் தண்டனைக்கா, கூட்டாளியைப் பேசவைக்கவா என்பதும் ஏலத்தைப் பொறுத்து மாறும். மனிதரிடம் ஊகித்துக்கொள்ளலாம். இங்கே ஊகமே தேவையில்லை: கேட்கப்போகும் கேள்வியின் மேல் சுட்டியை வைத்தால் ரோபோ அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று திரையிலேயே வரும். நாம் நினைத்ததும் அங்கே எழுதியிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் வேறு கேள்வி தேடுங்கள்.