சித்தப்பா மேல் விழுந்த பழி: இரண்டு நாவல்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாலைந்து நாள் வெளியே தலைகாட்ட முடியாது. போன மழையில் அண்ணன் மகள் வந்திருந்தாள். "அத்தை, சரித்திரக் கதையா இருக்கணும், கொலை மர்மமும் இருக்கணும்" என்றாள். அலமாரியிலிருந்து இரண்டை எடுத்தேன். 1950-ல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 1951-ல் வெளியான ஜோசபின் டேயின் 'தி டாட்டர் ஆஃப் டைம்'. இரண்டின் முடிவையும் இங்கே சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: அரியணை சித்தப்பாவுக்குப் போனது, கொன்றது அவர்தானா? டேயிடம் 1483-ல் லண்டன் கோபுரத்தில் காணாமல் போன இரண்டு இங்கிலாந்து இளவரசச் சிறுவர்களும், அவர்களின் சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டும். கல்கியிடம் கொலையுண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனும், சித்தப்பா முறையான உத்தம சோழன் என்கிற மதுராந்தகனும்.

டேயின் துப்பறிவாளர் கிராண்ட், கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ரிச்சர்டின் படத்தைப் பார்த்து, 'இது கொலைகாரன் முகமில்லை' என்று தொடங்குகிறார். எனக்கு அங்கேயே உறுத்தியது. முகத்தைப் பார்த்தா குற்றத்தைத் தீர்மானிப்பது? பிறகு ரிச்சர்டுக்கு எதிரான சான்றையெல்லாம் துருவுகிறவர், ரிச்சர்டை வீழ்த்தி அரசனான ஏழாம் ஹென்றி மேல் பழி போடும்போது அவ்வளவு துருவுவதில்லை. எட்வர்டுகளும் ரிச்சர்டுகளும் குழம்பிப்போய், பச்சைத் தேயிலை போட்ட ரசீதின் பின்பக்கம் வம்சாவளி எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் ஒரு இடம் இருக்கிறது. ரிச்சர்டைப் பற்றி எல்லாரும் நம்பும் வரலாற்றை எழுதிய தாமஸ் மோருக்கு, ரிச்சர்டு பட்டமேறியபோது ஐந்து வயது! அதுவரை கண்ணால் கண்ட சாட்சி மாதிரி தெரிந்தது, வெறும் கேள்விப்பட்ட கதையாகிவிடுகிறது. கரண்ட் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

கல்கியின் குறைகள் வேறு மாதிரி. சதி நடக்கும் இடத்திலெல்லாம் கதாநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்து கேட்க வாகாக ஓர் இடம் கிடைத்துவிடும். கடம்பூர் மாளிகையில் இருட்டில் கரிகாலன் விழுகிறான். பிற்பாடு 'நான்தான் கொன்றேன்' என்று ஒருவருக்கு இருவர் சொல்கிறார்கள். ஐந்து பாகம் படித்தவளுக்கு இதுதானா பதில் என்று முதல் தடவை அழுகையே வந்தது.

அப்புறம்தான் காட்டுமன்னார்கோவிலில் இருக்கும் உடையார்குடி கல்வெட்டைப் பற்றித் தெரிந்தது. கரிகாலனின் தம்பி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு என்று கொள்ளப்படும் அது, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலைகாரர்களின் பெயரையே சொல்கிறது. ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம். அதாவது அரசு அதிகாரி. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். கல்கியோ ரவிதாசனை மந்திரவாதியாக்கினார். பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று பிள்ளை மாற்றி, அந்தச் சித்தப்பாவைப் பழியிலிருந்து முழுசாக வெளியே கொண்டுவந்துவிட்டார். டே வாதாடிச் செய்ததைக் கல்கி கதையாலேயே செய்திருக்கிறார். அது தெரிந்தபின் பிள்ளை மாற்றும் அத்தியாயங்கள் எனக்கு இன்னும் பிடித்துப்போயின.

மழைக்கு நாலு நாள்தான் என்றால் டே. சின்னப் புத்தகம், பிடி விடாது. ஆனால் மனதில் வழக்கு மூடாமல் கிடப்பது கல்கியுடையதுதான். அண்ணன் மகள் டேயை இரண்டே நாளில் முடித்துவிட்டு, அரையாண்டு லீவில் கல்கியையும் முடித்தாள். இப்போது காட்டுமன்னார்கோவில் போய் அந்தக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாள். மேட்டுப்பாளையத்திலிருந்து எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.