ஆம்னி கார்கோ: என்ஜின் தங்கம், கதவுதான் உயிரை வாங்குகிறது

ஓசூர் நண்பர் ஒருவர், பழைய ஆம்னி கார்கோ (மாருதியின் சரக்கு வேன்) ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். பெங்களூரு அல்சூரில் மாவுக்கடை நடத்தும் நான், வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற, கார்புரேட்டர் வைத்த பழைய ஆம்னி கார்கோ ஒன்றைத் தேற்றி ஓட்டுகிறேன். அவருக்குச் சொன்னது இதுதான்.

என்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜப்பானில் 1979-ல் டிரக்காகவும் வேனாகவும் வந்த சுஸுகி கேரிதான் இது. இங்கே 1984-ல் மாருதி வேன், பிறகு ஆம்னி, 2019 வரை தயாரானது. 796 சி.சி. என்ஜின் மாருதி 800-க்கும் பொது என்பதால் பிஸ்டன் ரிங், வால்வ், ஹெட் கேஸ்கெட் என்று கேட்டால் ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் யோசிப்பதுகூட இல்லை. என் வண்டியில் கெட்டுப்போன பெட்ரோல், கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளையில்) பிசினாக உறைந்திருந்தது. கழற்றிக் கழுவி, கார்புரேட்டர் கிட் மாற்றி, தீப்பொறிக்கான பாயிண்ட்டைச் சரியாக வைத்ததும் கிளம்பிவிட்டது. முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின் கைக்கெட்டும். இவ்வளவு எளிமையான வண்டியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பக்கவாட்டுத் தள்ளு கதவு!

கடைக்குக் கடை மாவு இறக்குகிறவனுக்குக் கதவுதான் வண்டி. கதவின் முழு பாரமும் சின்னச் சின்ன ரோலர்களில் நிற்கிறது. நடு ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் கதவின் பின்முனை தொங்கும், பாடியில் உரசி பெயிண்டைக் கீறும், லாக் ஏறாது. ரோலர் ஓடும் கீழ்ச் சேனலில் சேறு அடைத்தால் பாதியில் நிற்கும். சரிவில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்திவிட்டால் கதவு தானாகவே முன்னால் ஓடி வந்து மூடும். கடைப்பையனின் விரல் ஒருமுறை நசுங்கப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புது ரோலர் என்று கொடுத்ததெல்லாம் லோக்கல் சரக்கு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஒரு மழைக்காலம் தாங்காது. கடைசியில் சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்), உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து ரோலரைத் தாங்கும் பழைய ஒரிஜினல் பிராக்கெட் கிடைத்தது. ரோலர் தேய்ந்திருந்தாலும் இரும்பு கெட்டியாக இருந்தது. லேத் பட்டறைக்காரர் நைலான் ராடில் புது ரோலர் கடைந்து, நடு அச்சைச் சுற்றி மயிரிழை இடைவெளி விட்டுப் பொருத்தினார். இப்போது ஒற்றை விரலில் தள்ளினால் போதும், கதவு ஓடுகிறது. அந்த மனிதரின் கைக்கு நான் கடமைப்பட்டவன். புதுக் கார் ஷோரூமில்கூட எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

கதவோரத்து பீடிங் ரப்பர் மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. மழையில் ஓரமாகத் தண்ணீர் கசிகிறது, கீழே துணி போட்டிருக்கிறேன். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், பிரேக் எல்லாம் வழக்கமான வேலைதான், எந்தப் பட்டறையிலும் முடியும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருக்குத் தினமும் வண்டி வேண்டும், குஜிரியில் அலைய நேரமில்லை. நான் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன், அது வேறு. மீறி வாங்குவதானால் என்ஜினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து மேல், நடு, கீழ் என மூன்று சேனலையும் தடவிப் பாருங்கள். அங்கே துரு உதிர்ந்தால், இனாமாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.